குறைபார்வையும் காயப்பட்ட இரு சொற்களும்

கண் தெரிந்தவர், குருடர் என்ற இரு பிரிவுகளுக்குள் எல்லோரையும் அடக்கிவிடுவது நம்மவர் வழக்கம். ஆனால் இவ்விரண்டுக்கும் நடுவே பரந்த ஒரு வெளி உண்டு. கண்ணாடியாலோ மருந்தாலோ சத்திரசிகிச்சையாலோ இனித் திருத்த முடியாத, அதேவேளை முற்றாக அணைந்தும் போகாத பார்வையே குறைபார்வை. பார்வை இழந்தோராக இந்நாட்டிற் பதியப்பட்டோரிற் பெரும்பாலானோருக்கு ஏதோவொரு அளவு பார்வை எஞ்சியே இருக்கிறது.

எஞ்சும் விதம் நோய்க்கு நோய் வேறுபடும். விழித்திரையின் மையம் தேய்ந்தால் எதிரில் நிற்பவரின் முகம் மறையும். சுற்றிவர உள்ளவை தெரியும். குளுக்கோமாவில் பெரும்பாலும் இதற்கு எதிர்மாறு. கதவு நிலையில் இடிபடுபவர் பத்திரிகை வாசிப்பார். வீட்டாரோ அவர் நடிக்கிறார் என்பர். நீரிழிவு திட்டுத்திட்டாகப் பார்வையை அழிக்கும். சிலருக்கு இல்லாத உருவங்களும் தெரியும். 1760இல் சுவிஸ் அறிஞர் சார்ள்ஸ் பொனே தன் பாட்டனாரிடம் கண்டு எழுதிய நிலை இது. கண்ணிலிருந்து வரும் செய்தி குறைய, மூளை தானாகவே காட்சிகளை உண்டாக்குகிறது. இது பேயுமல்ல, பைத்தியமுமல்ல.

இனி அந்த இரு சொற்கள். இலண்டன் வைத்தியசாலையொன்றின் கண் வைத்திய நிபுணர் பார்வைக் குறைபாட்டுச் சான்றிதழில் ஒப்பமிட்டதும் அது கவுன்சிலுக்குப் போகிறது. கவுன்சில் கேட்பது ‘பதிவு’, தருவது ‘புனர்வாழ்வு’. கொழும்பில் பொலிஸ் பதிவுக்கு வரிசையில் நின்றவர்களுக்கு முதற்சொல் அச்சம். 2009க்குப் பின் சரணடைந்தோரை அடைத்த முகாம்களுக்கும் அந்த இரண்டாம் சொல்லே பெயராயிற்று. நமது வயோதிபர்களின் தயக்கத்தை வெறும் அறியாமை என்று ஒதுக்க முடியாதது இதனாலேயே.

ஆயினும் இங்கு இச்சொற்களின் பொருள் வேறு. பதிவு கட்டாயமல்ல. 2014ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டப்படி பதிவேட்டை வைத்திருப்பது உள்ளூராட்சி; அது குடிவரவுக் கோப்பல்ல. பதியாதவரும் உதவி கேட்கலாம். புனர்வாழ்வு என்பது எஞ்சிய பார்வையைப் பயன்படுத்தப் பழகுதல். வைத்தியசாலையின் குறைபார்வைப் பிரிவு உருப்பெருக்கிகளை இரவலாகத் தரும். கவுன்சிலின் பயிற்சியாளர் வீட்டுக்கு வந்து, தேநீரைச் சிந்தாமல் ஊற்றவும், வெள்ளைப் பிரம்புடன் வீதியைக் கடக்கவும் பழக்குவார். மையம் இழந்தவர் விழியைச் சற்றே விலக்கி, ஓரத்தால் முகம் பார்க்கக் கற்கலாம். வெள்ளைக் கோப்பையில் வெள்ளைச் சோறு தெரியாது. கருநிறக் கோப்பையில் தெரியும். செலவில்லாத மாற்றம், ஆனால் ஒருவர் தானே உண்ணும் மரியாதை அதில் இருக்கிறது.

“பிள்ளைகள் நாங்கள் இருக்கிறோம், இதெல்லாம் எதற்கு?” என்ற வாதம் பாசத்திலிருந்து வருவது. ஆனால் பிள்ளைகள் வேலைக்குப் போன பின், பகல் முழுவதும் கதிரையில் இருப்பவர் பெற்றவரே. அவர் சார்பில் மறுக்கும் உரிமை நமக்கு உண்டா? நமது சங்கங்கள் விவாதிக்க வேண்டிய கேள்வி இது. அவ்விவாதத்தில் அவர்களும் பேசவேண்டும்.