உல்லாசக் கப்பலில் கூட்டமும் குடும்பமும்

கூட்டம் என்பது வெளி மாநிலங்களில் வாழும் நம்மவர்க்குப் புதிதன்று. காலை ஒன்பது மணிக்குத் தாதர் நிலையத்தில் மின்சார வண்டியில் ஏறி இறங்கிப் பழகியவர்க்கும், தீபாவளிக்கு முந்திய வாரத்தில் தில்லிக் கரோல்பாக் கடைவீதியில் பிள்ளையின் கையைப் பற்றிக்கொண்டு நடந்தவர்க்கும் கூட்டத்தைப் பற்றி எவரும் பாடம் சொல்ல வேண்டுவதில்லை. ஆயினும், அவ்வண்டியிலிருந்து அடுத்த நிலையத்தில் நாம் இறங்கிவிடலாம். கடைவீதியிலிருந்து வீடு திரும்பிவிடலாம். கப்பலில் அது இயலாது. கரையை விட்டு நீங்கிய பின், மூன்று நாளோ நான்கு நாளோ, அந்தக் கூட்டமே நமக்கு ஊர்.

2021-ஆம் ஆண்டில் மும்பையிலிருந்து கோவாவுக்கும் இலட்சத்தீவுகளுக்கும் உல்லாசக் கப்பல் ஓடத் தொடங்கியது முதல், இவ்வகைப் பயணம் நடுத்தரக் குடும்பங்களுக்கும் எட்டக்கூடிய ஒன்றாயிற்று. பலர் சிறுகச் சிறுகப் பணம் சேர்த்து, ஊரிலிருந்து பெற்றோரை வரவழைத்து, பிள்ளைகளுடன் ஆறேழு பேராகச் செல்கிறார்கள். பெற்றோருக்கு அது முதற் கப்பற் பயணம். பெரும்பாலும் ஒரே கப்பற் பயணமும் அதுவே. அவ்வாறு சென்று திரும்பியவர்கள், ‘கடலைக் கண்டதைவிட வரிசையைக் கண்டதே மிகுதி’ என்று குறைபட்டுக்கொள்வதைக் கேட்கிறோம். அக்குறையில் உண்மை உண்டு. ஆனால் கப்பற் கூட்டத்தின் இயல்பை முன்கூட்டி அறிந்தால் அதன் பெரும்பகுதியைத் தவிர்க்கலாம்.

முதலில் இட அளவைப் பார்ப்போம். கப்பலைப் பற்றிய விளம்பரங்களில் இத்தனை ஆயிரம் ‘டன்’ என்று காண்பது எடையன்று. கப்பலுக்குள் அடைபட்டுள்ள மொத்த இடத்தின் அளவைக் கொண்டு கணக்கிடும் ஓர் எண். அதனைப் பயணிகளின் தொகையால் வகுத்தால் ஒருவருக்கு எவ்வளவு இடம் என்பது ஒருவாறு விளங்கும். மும்பையிலிருந்து ஓடிய ‘எம்ப்ரஸ்’ 1990-இல் பிரான்ஸ் நாட்டில் கட்டப்பட்டது. சுமார் 48,500 டன் அளவுள்ளது. அறைக்கு இருவர் வீதம் சுமார் 1,600 பேர் ஏறினால் ஆளுக்கு 30 வரும். 2024-இல் அமெரிக்காவின் மயாமித் துறைமுகத்திலிருந்து முதற்பயணம் புறப்பட்ட ‘ஐக்கன் ஆப் தி சீஸ்’ 2,48,000 டன்னுக்கும் மேற்பட்டது, அறைக்கு இருவர் என்றால் 5,610 பேர், வகுத்தால் 44. ஆகவே பெரிய கப்பலில் நெருக்கமும் பெரிதாகவே இருக்கும் என்பது தவறான எண்ணம்.

நம் பாட்டனார் காலத்தில் சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் சென்ற ‘ரஜூலா’ என்ற கப்பலை இங்கே நினைத்துக்கொள்வது நல்லது. 1926-இல் கட்டப்பட்ட அக்கப்பல் சுமார் 8,500 டன் அளவுடையது. 5,000-க்கும் மேற்பட்ட தளப் பயணிகளை ஏற்றிச்செல்லும் உரிமம் பெற்றிருந்தது. அன்றைய அளவை முறை சற்று வேறு என்றாலும், ஆளுக்கு இரண்டுகூட வாராது. பாயையும் தகரப் பெட்டியையும் வைத்து இடம் பிடித்து, அவ்விடத்திலேயே உண்டு உறங்கிச் சென்ற தலைமுறை அது. அவர்கள் பிழைப்பு நாடிப் போனார்கள். நாம் பொழுதுபோக்கச் செல்கிறோம். எனினும் இடம் பிடிக்கும் அப்பழக்கம் மட்டும் நம்மை விட்டு நீங்கவில்லை என்பதைப் பின்னர்க் காண்போம்.

அறைக்கு இருவர் என்ற கணக்குப் பள்ளி விடுமுறையில் செல்லாது. சுவரோடு மடிந்து நிற்கும் மேற்படுக்கைகளை இறக்கிவிட்டால் ஓர் அறையில் மூவரும் நால்வரும் தங்கலாம். விடுமுறையில் அப்படுக்கைகள் யாவும் பிள்ளைகளால் நிறைந்துவிடும். அதே அறைகள், அதே நீச்சற்குளம், அதே உணவுக்கூடம். ஆனால் ‘எம்ப்ரஸ்’ போன்ற கப்பலில் 1,800 பேர், ‘ஐக்கனில்’ 7,600 பேர் வரை. கிறிஸ்துமஸ் வாரத்திலும் தீபாவளியை ஒட்டிய நாட்களிலும் செல்பவர் இதை எதிர்பார்த்தே செல்ல வேண்டும். பிள்ளைகளின் பள்ளி நாட்காட்டி இடம் கொடுத்தால், வார இறுதியைத் தவிர்த்துத் திங்கள், செவ்வாயில் புறப்படும் பயணத்தைத் தேடுவது மேல். இதில் வெளி மாநிலத் தமிழர்க்கு ஓர் அனுகூலம் உண்டு. விடுமுறை நாட்கள் மாநிலத்துக்கு மாநிலம் மாறுபடுகின்றன. கப்பல் புறப்படும் மாநிலத்தில் பள்ளி திறந்திருந்து, நம் மாநிலத்தில் மூடியிருக்கும் வாரம் ஒன்று அகப்படுமானால் அதை விடலாகாது.

ஆயினும், எத்தனை பேர் என்பதைக் காட்டிலும் அத்தனை பேரும் எந்நேரத்தில் எங்கே இருக்கிறார்கள் என்பதே முக்கியம். கப்பற் கூட்டம் கடிகாரத்தின் வழி நடப்பது. நண்பகலில் ஏறியவுடன் எல்லாரும் மேல்தள உணவுக்கூடத்திற்குச் செல்வர். அறைகள் அப்போது ஆயத்தமாகியிரா, வேறு போக்கிடமும் தெரியாது. காலை எட்டரை மணிக்குச் சிற்றுண்டி, மாலை நான்கிற்கு நீச்சற்குளம், நாடகம் முடிந்த கணத்தில் லிப்டு வாயில். ஒரு மணி நேரம் முன்னோ பின்னோ சென்றால் அதே இடம் வெறிச்சோடிக் கிடக்கும். காலை ஆறு மணிக்கு மேல்தளத்தில் நடந்தால், ஆயிரம் பேர் கப்பலில் இருக்கிறார்கள் என்று சொன்னாலும் நம்ப மாட்டோம். விடியற்காலையில் எழும் வழக்கமுடைய நம் பெரியவர்களுக்குக் கப்பலில் கிடைக்கும் சிறந்த நேரம் அதுவே. காப்பி மட்டும் ஊர்க் காப்பிபோல் இராது. அதற்கு நம்மிடம் பரிகாரம் இல்லை.

ஏறும் நாளுக்குரிய ஆயத்தம் மிகச் சிறிது. பெரிய பெட்டிகளைத் துறைமுகத்தில் ஒப்படைத்தால் அவை அறைக்கு வந்து சேர மாலையாகலாம். ஆகையால் மருந்து, கண்ணாடி, பிள்ளைகளுக்கு ஒரு மாற்றுடை ஆகியவற்றைக் கைப்பையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். துறைமுகத்திற்கு வரும்படி குறித்துக் கொடுத்த நேரத்திற்கு இரண்டு மணி முன்பே போய் நிற்பது ரயிலுக்குப் பொருந்தலாம். இங்கே அது வரிசையை நீட்டுவதன்றி வேறெதற்கும் உதவாது. மேல்தளக் கூடத்தில் திரள் மிகுந்திருந்தால், பரிமாறுவோர் உள்ள கீழ்த்தள உணவறை திறந்திருக்கிறதா என்று விசாரிக்கலாம். முதல்நாள் அது திறந்திருப்பது பலருக்குத் தெரிவதேயில்லை.

அன்றே நடைபெறும் பாதுகாப்பு ஒத்திகையைச் சிலர் தொல்லையாகக் கருதி, பெரியவர்களை அறையில் விட்டுவிட்டுத் தாம் மட்டும் தலைகாட்டித் திரும்புகின்றனர். இது கூடாது. 2012 ஜனவரி 13 அன்று இத்தாலியின் ஜிலியோ தீவருகே ‘கோஸ்டா கான்கார்டியா’ பாறையில் மோதிச் சாய்ந்தபோது அதில் 4,200 பேருக்கு மேல் இருந்தனர். 32 பேர் மாண்டனர். அன்று மாலையில்தான் ஏறிய பயணிகளுக்கு அதுவரை ஒத்திகை நடத்தப்பட்டிருக்கவில்லை. ஏறிய 24 மணி நேரத்திற்குள் நடத்தினால் போதும் என்பதே அப்போதைய விதி. அதன்பின் கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சர்வதேச உடன்படிக்கை திருத்தப்பட்டு, 2015 ஜனவரி முதல், கப்பல் புறப்படுமுன்போ புறப்பட்ட உடனேயோ ஒத்திகை நடந்தாக வேண்டும் என்றாயிற்று. ஏழு அல்லது அதற்கு மேற்பட்ட குறுகிய ஊதலும் ஒரு நெடிய ஊதலும் கேட்டால் தாம் எங்கே கூட வேண்டும் என்பதைக் குடும்பத்தில் ஒவ்வொருவரும், ஆங்கிலம் படிக்கத் தெரியாத பாட்டியார் உட்பட, அறிந்திருக்க வேண்டும். அவ்விடத்திற்கு ஒருமுறை படிக்கட்டு வழியாகவே அவர்களை நடத்திச் சென்று காட்டுவது நன்று. ஆபத்துக் காலத்தில் லிப்டைப் பயன்படுத்தலாகாது.

இனி, இடம் பிடித்தல். ஒரு பயணத்தில் நாங்கள் கண்ட காட்சி இது. நீச்சற்குளத்தருகே எழுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மையார் அமர்ந்திருந்தார். அவரைச் சுற்றி நான்கு நாற்காலிகள்; ஒன்றில் துண்டு, ஒன்றில் செருப்பு, ஒன்றில் தண்ணீர்ப் புட்டி, ஒன்றில் பிள்ளையின் தொப்பி. மகனும் மருமகளும் பேரப்பிள்ளைகளும் எங்கோ சென்றிருந்தனர். ஒன்றரை மணி நேரம் அவர் அப்படியே இருந்தார். கடல் அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தது. திரும்பிப் பார்க்கலாமே என்று கேட்டதற்கு, “எழுந்தால் இடம் போய்விடும் அம்மா” என்றார். கோவைப் பக்கத்துப் பேச்சு. மகன் நல்லவர்தாம்; தாய்க்குக் கடலைக் காட்டவே அவ்வளவு செலவு செய்து அழைத்து வந்தவர். துண்டு போட்டு இடம் பிடிக்கும் நம் வழக்கத்தால் குடும்பத்தில் ஒருவர் காவலாளி ஆகிவிடுகிறார். அவர் பெரும்பாலும் தாயாகவோ பாட்டியாகவோ இருக்கிறார் என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

இதற்கு மூலகாரணம் ஏழு பேரும் எங்கும் சேர்ந்தே போக வேண்டும் என்ற எண்ணம். ஏழு பேருக்குச் சேர்ந்தாற்போல் நாற்காலி கிடைப்பது அரிது. இருவருக்கு எங்கும் கிடைக்கும். ஏழு பேர் லிப்டுக்குக் காத்திருந்தால் மூன்று லிப்டுகளை விட வேண்டிவரும். திரளைக் கண்டு சலிக்கும் நாமே ஒரு சிறு திரளாக அதற்குள் நுழைகிறோம். ஆகவே பகலில் பிரிந்திருப்பதும் ஒரு வேளை கூடுவதும் என வைத்துக்கொள்வது நலம். தாத்தாவும் பாட்டியும் கடலைப் பார்த்த வண்ணம் நிழலில். பிள்ளைகள் குளத்தில், தந்தையின் கண்பார்வையில். தாய்க்கு இரண்டு மணி நேரம் எவர் பொறுப்பும் இன்றி. மறுநாள் முறை மாறட்டும். இரவு உணவு மட்டும் எல்லாரும் ஒன்றாக. இரண்டு பந்தியாக உணவு பரிமாறும் கப்பலானால், பிள்ளைகள் உள்ள குடும்பங்கள் முதற்பந்திக்கே முந்தும். பிள்ளைகள் பகலில் சற்று உறங்கியிருந்தால் இரண்டாம் பந்தி அமைதியாக இருக்கும்.

பிரிந்தால் கூடுவது எப்படி? கரையை விட்டுச் சில மைல் சென்றதும் கைப்பேசியில் அலை கிடைப்பதில்லை. கப்பலின் இணைய வசதிக்குத் தனிக் கட்டணம் உண்டு. நாம் கைப்பேசி வருவதற்கு முன் கோயில் திருவிழாவுக்குப் போன முறையே இங்கு உதவும். ஓர் இடம், ஒரு நேரம். ‘ஒரு மணிக்கு ஐந்தாம் தளத்துப் படிக்கட்டின் அடியில்’ என்று காலையிலேயே முடிவு செய்துகொண்டு, அறையில் ஒரு தாளில் யார் எங்கே என்று எழுதி வைத்துவிட வேண்டும். நடைவழிகள் நீளமானவை, எல்லாக் கதவுகளும் ஒன்றுபோல் இருக்கும். வழி தவறிய முதியவர் தம் அறைக்கு முன்னாலேயே இருமுறை நடந்து போவதுண்டு. அறைக் கதவுகள் பெரும்பாலும் இரும்பாலானவை. வீட்டில் குளிர்ப்பெட்டியில் ஒட்டியிருக்கும் காந்தப் பொம்மை ஒன்றை எடுத்துச் சென்று கதவில் ஒட்டிவைத்தால் அடையாளம் தெளிவு. அறை எண்ணையும் தள எண்ணையும் சிறு சீட்டில் எழுதி அவர்கள் பையில் வைக்கலாம். முதியவர்க்கு அறை பதிவு செய்யும்போதே லிப்டுக்கு அருகில், கப்பலின் நடுப்பகுதியில் கேட்டுப் பெற வேண்டும். நடுப்பகுதியில் ஆட்டமும் குறைவு.

துறைமுகங்களிலும் இடத்திற்கு இடம் வேறுபாடுண்டு. கோவாவில் கப்பல் மர்மகோவாத் துறைமுகத்தில் கரையோடு சேர்ந்து நிற்கும். இறங்குவது எளிது, வாயிலுக்கு வெளியே வாடகை வண்டிக்குத்தான் நெருக்கடி. இலட்சத்தீவுகளில் பவளத்திட்டுக்கு வெளியே நங்கூரமிட்டு நிற்க, சிறு படகுகளில் ஏற்றி இறக்குவார்கள். தள்ளாடும் படகில் முதியவரைக் கைபிடித்து இறக்க நேரமும் பொறுமையும் வேண்டும். அவர்களோடு செல்பவர் முற்பகலின் முதல் நெரிசல் ஓய்ந்த பின் செல்வதும், திரும்புகையில் கடைசிப் படகுக்குக் காத்திராமல் அதற்கு முந்தியவற்றில் ஏறிவிடுவதும் நன்று. கடைசிப் படகுக்கு எல்லாரும் வருவர். இறங்க விரும்பாதவர் கப்பலிலேயே தங்கலாம். அன்று பகல் முழுதும் அது அவர்களுடைய கப்பல்.

பலர் புழங்கும் இடத்தில் வயிற்றுக் கோளாறு விரைந்து பரவும். அதற்குக் காரணமான நோரோ வைரஸ் கை துடைக்கும் மருந்துத் திரவத்திற்கு எளிதில் அடங்குவதில்லை. சோப்பும் நீருமே வேண்டும். கையால் உண்ணும் நாம் பரிமாறும் கரண்டிகளைத் தொட்ட பின்னும் ஒருமுறை கைகழுவிவிட்டு உட்காருவது நலம்.

இறங்கும் நாளுக்கு முந்திய இரவு பெட்டிகளை அறை வாயிலில் வைத்துவிடும்படி சொல்வார்கள். மறுநாள் அணிய வேண்டிய உடைகளையும் சேர்த்துக் கட்டிவிட்டு, காலையில் இரவு உடையோடு நிற்போர் ஒவ்வொரு பயணத்திலும் உண்டு. அவசரமாக ரயிலோ விமானமோ பிடிக்க வேண்டாதவர்கள் கடைசித் தொகுதியில் இறங்குவதற்குப் பெயர் கொடுத்துவிட்டு, நடைவழியில் பெட்டிகளோடு நெருங்கி நிற்பவர்களைக் கடந்து, மேல்தளத்திற்குச் சென்று உட்காரலாம். அப்போது அங்கே நாற்காலிகள் அனைத்தும் காலியாக இருக்கும்.