மாற்றியம்: வகைகளுக்கு முன் இரண்டு கேள்விகள்

பதினொன்றாம் வகுப்பில் மாற்றியத்தின் வகைகளை மாணவர்கள் தடையின்றி ஒப்பிப்பார்கள். ஆனால் நேராக வரைந்த பியூட்டேனுக்கு அருகில் அதையே வளைத்து வரைந்தால், பலரும் "இரண்டும் மாற்றியங்கள்" என்றே எழுதுவார்கள். தாளிலுள்ள படத்தையே மூலக்கூறு என்று எண்ணுவதால் வரும் குழப்பம் இது. வகைகளின் பெயர்களைச் சொல்லுமுன் இரண்டு கேள்விகளைப் பழக்கினால் இது நீங்கும்.

முதல் கேள்வி: எந்த அணு எதனுடன் இணைந்துள்ளது என்பது மாறியுள்ளதா? மாறியிருந்தால் அது அமைப்பு மாற்றியம். பியூட்டேனும் 2-மெத்தில்புரொப்பேனும் சங்கிலித்தொடர் மாற்றியங்கள்; புரொப்பேன்-1-ஆலும் புரொப்பேன்-2-ஆலும் இட மாற்றியங்கள். எத்தனால், டைமெத்தில் ஈதர் இரண்டிலும் 2 கார்பன், 6 ஹைட்ரஜன், 1 ஆக்சிஜன் அணுக்களே உள்ளன. ஆயினும் எத்தனால் சுமார் 78 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் திரவம். டைமெத்தில் ஈதரோ அறை வெப்பநிலையில் வாயு. இவை வினைச்செயல் தொகுதி மாற்றியங்கள்.

இணைப்பு மாறவில்லை என்றால் இரண்டாவது கேள்வி: ஒற்றைப் பிணைப்புகளைச் சுழற்றியோ மூலக்கூறைத் திருப்பியோ ஒன்றை மற்றொன்றின் மேல் பொருத்த முடியுமா? முடிந்தால் இரண்டும் ஒரே சேர்மம். வளைந்த பியூட்டேன் இங்கே தெளிவாகிவிடும். முடியாவிட்டால் அது புறவெளி மாற்றியம்.

இதைக் களிமண் உருண்டையும் ஈர்க்குச்சியும் கொண்டு மாணவர்களே செய்து பார்க்கலாம். ஒரு குச்சியால் இணைத்த இரு உருண்டைகள் சுழலும். இரு குச்சிகளால் இணைத்தவை சுழலாது. இரட்டைப் பிணைப்பில் வடிவ மாற்றியம் தோன்றுவதன் காரணம் கையிலேயே புரியும். மெலியிக் அமிலத்தில் இரு கார்பாக்சில் தொகுதிகளும் ஒரே பக்கத்தில் அருகருகே இருப்பதால், வெப்பப்படுத்தும்போது எளிதில் நீரை இழந்து நீரிலியாகிறது. அவை எதிரெதிர்ப் பக்கங்களில் உள்ள ஃபியூமரிக் அமிலம் அவ்வாறு எளிதில் நீரை இழப்பதில்லை.

அடுத்து, ஓர் உருண்டையில் நான்கு வெவ்வேறு நிற உருண்டைகளைப் பொருத்தி, அதன் ஆடிப் பிம்பத்தையும் செய்யச் சொல்லலாம். எப்படித் திருப்பினாலும் இரண்டும் பொருந்தா. வலது கையும் இடது கையும் போல. இதுவே ஒளிசுழற்றும் மாற்றியம். கார்வோனின் ஒரு வடிவம் ஸ்பியர்மின்ட் புதினாவின் மணம் தரும். அதன் ஆடிப் பிம்பம் கேரவே விதையின் மணம் தரும்.

மதிப்பீட்டிலும் இதே வழியைப் பின்பற்றலாம். "வகைகளை எழுதுக" என்பதோடு, 5 கார்பன், 12 ஹைட்ரஜன் கொண்ட சேர்மத்திற்கு ஏழெட்டுப் படங்கள் தந்து, ஒவ்வொன்றுக்கும் ஐயுபிஏசி பெயர் எழுதச் சொல்லுங்கள். பெயர்கள் மூன்றுக்கு மேல் வாரா: பென்டேன், 2-மெத்தில்பியூட்டேன், 2,2-டைமெத்தில்புரொப்பேன். படங்கள் பல, சேர்மங்கள் மூன்றே என்பதை மாணவரே கண்டறிவார்.