பத்தரின் தராசும் தங்கச் சில்லும்

உயிர்த்தொழில்நுட்பம் படிக்கும் வாசகி ஒருவர் கடிதத்தோடு ஒரு வரைபடமும் அனுப்பியிருந்தார். கோடு செங்குத்தாக 200 அலகு ஏறுகிறது, மேசை போலச் சமமாக ஓடுகிறது, ஏறிய மாதிரியே செங்குத்தாக இறங்கிவிடுகிறது. “என் மருந்து புரதத்தோடு ஒட்டிக்கொண்டதென்று எழுதலாமா?” என்பது அவர் கேள்வி.

அவர் கையாண்டது எஸ்.பி.ஆர். எனப்படும் ஒளியியல் பயோசென்சர். 1983இல் ஸ்வீடனின் லிங்ஷோப்பிங் நகரில் லீட்பெரி, நைலாண்டர், லுண்ட்ஸ்ட்ரோம் மூவரும் இதற்கு வழிகாட்டினார்கள். 1990இல் உப்சாலாவிலிருந்து இம்முறையில் இயங்கும் பியாகோர் கருவி விற்பனைக்கு வந்தது. கண்ணாடிச் சில்லின் மேல் சுமார் 50 நானோமீட்டர் தடிமனில் தங்கப் பூச்சு. தலைமுடியை ஆயிரம் கூறாக வகிர்ந்தாலும் அவ்வளவு மெல்லிசு வராது. கண்ணாடிப் பக்கமிருந்து ஒளியைச் செலுத்தினால், குறிப்பிட்ட ஒரு கோணத்தில் அது தங்கத்தின் எலக்ட்ரான்களை அசைப்பதில் செலவாகிவிடும். திரும்பி வரும் ஒளி மங்கும். தங்கத்தை ஒட்டிய சில நூறு நானோமீட்டர் திரவத்தின் ஒளிவிலகல் எண் மாறினால் அந்தக் கோணமும் நகரும். சில்லின் மேல் ஒரு புரதத்தைக் கட்டிப்போட்டு, இன்னொன்றைக் கரைசலில் ஓடவிட்டால், இரண்டும் சேர்வதையும் பிரிவதையும் நேரடியாகப் பார்க்கலாம். சாயம் வேண்டாம், கதிரியக்கக் குறி வேண்டாம்.

கோண நகர்வை ஆர்.யு. என்ற அலகில் சொல்வார்கள். ஒரு ஆர்.யு. என்பது ஒரு சதுர மில்லிமீட்டரில் ஏறக்குறைய ஒரு பிக்கோகிராம் புரதம், அதாவது கிராமில் லட்சம் கோடியில் ஒரு பங்கு.

இப்பத்தியை எழுதுபவரின் ஊரில் ஒரு பத்தர் இருந்தார். குண்டுமணி அளவு தங்கம் என்றாலும் கண்ணாடிக் கூண்டுக்குள் இருக்கும் தராசில்தான் நிறுப்பார். அதற்கு முன் மின்விசிறியை நிறுத்தச் சொல்வார். பேச்சையும் நிறுத்தச் சொல்வார். தராசு நுட்பமாக ஆக, அது காற்றையும் சேர்த்து நிறுக்கிறது.

இந்தத் தங்கச் சில்லும் அப்படித்தான். அதற்குப் புரதம் எது, உப்பு எது என்று தெரியாது. ஒளிவிலகல் எண் மட்டுமே தெரியும். தண்ணீரின் வெப்பநிலை நூறில் ஒரு டிகிரி மாறினாலே ஏறக்குறைய ஒரு ஆர்.யு. நகர்ந்துவிடும். மருந்தைக் கரைக்க உதவும் டிஎம்எஸ்ஓ, சில்லின் மேல் ஓடும் பஃபர் கரைசலில் இருப்பதைவிட ஒரு சதவீதம் கூடினால் ஆயிரத்துக்கு மேல் எகிறும். மெய்யான அடையாளமோ மிகச் சிறியது. 30,000 டால்டன் எடையுள்ள புரதம் 3,000 ஆர்.யு. அளவுக்குச் சில்லில் இருந்து, ஒவ்வொன்றிலும் 300 டால்டன் மருந்து ஒன்று ஒட்டினாலும் கிடைப்பது 30தான்.

வாசகியின் வரைபடத்தில் செங்குத்தாக ஏறி இறங்கும் அந்த மேசை ஒட்டுதலே அல்ல. டிஎம்எஸ்ஓ ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு கூடுதலாக இருந்தாலே அந்த 200 வந்துவிடும்.

அடையாளம் பெரிதாகத் தெரியட்டுமென்று சிலர் சில்லில் புரதத்தை அப்பிவிடுகிறார்கள். கல்யாண வீட்டில் ஒரு பந்தியில் எழுந்தவரைக் கை கழுவும் முன்பே அடுத்த பந்தியில் பிடித்து உட்காரவைத்தால், வாசலில் நின்று பார்ப்பவர் “இவர் இரண்டு மணி நேரம் சாப்பிடுகிறாரே” என்றுதான் நினைப்பார். நெருக்கமான சில்லிலும் பிரிந்த மூலக்கூறு வெளியேறும் முன் பக்கத்துப் புரதத்தில் மாட்டிக்கொள்கிறது. பிணைப்பு இருப்பதைவிட உறுதியாகத் தோன்றுகிறது.

இதெல்லாம் ஆய்வகத்துப் பிள்ளைகள் மட்டும் செய்யும் பிழை என்று எண்ணவேண்டாம். யூட்டா பல்கலைக்கழகத்தின் ரெபெக்கா ரிச்சும் டேவிட் மிஸ்காவும் 2008இல் வெளியான 1,413 பயோசென்சர் கட்டுரைகளைத் திரட்டி மதிப்பிட்டார்கள். பள்ளி வேதியியல் தேர்வின் அளவுகோலில்கூட 30 சதவீதத்துக்கும் குறைவானவையே தேறும் என்று எழுதினார்கள். கருவி வாங்கப் பெரும் பணம் ஒதுக்குகிறோம். வெறும் பஃபரை மட்டும் செலுத்திப் பார்க்கும் ஓட்டத்தை நேர விரயம் என்கிறோம். அழகான கோடு கேட்கும் வழிகாட்டி, புரதம் கட்டாத வெற்றுத் தடத்தின் கோட்டையும் மாணவரிடம் கேட்டு வாங்க வேண்டும்.

பஃபரிலும் மருந்துக் கரைசலிலும் டிஎம்எஸ்ஓ அளவை ஒன்றாக்கி, புரதம் இல்லாத தடத்தில் வருவதைக் கழித்துப் பார்க்கும்படி வாசகிக்குப் பதில் போயிற்று. மறுகடிதம் வந்திருக்கிறது. மேசை காணாமல் போய்விட்டது. மிஞ்சியது 11 ஆர்.யு.; வளைந்து ஏறி, மெதுவாக வாலை இழுத்துக்கொண்டு இறங்குகிறது.