ஸ்நூக்கரில் கியூ வீச்சும் கை அசைவும்

கியூ வீச்சு என்பது ஸ்நூக்கர் ஆட்டக்காரர் கியூ எனப்படும் கோலைப் பின்னிழுத்து, வெள்ளைப் பந்தை அடித்து, கோலை முன்னே செல்லவிடும் முழு அசைவைக் குறிக்கும். 1875-இல் ஜபல்பூரில் ஆங்கிலேயப் படை அதிகாரிகளிடையே தோன்றிய இவ்விளையாட்டுக்கு 1882-இல் உதகமண்டலத்தின் ஊட்டி கிளப்பில் விதிகள் எழுதி ஒட்டப்பட்டன. சென்னையைச் சேர்ந்த அனுபமா ராமச்சந்திரன் 2025 நவம்பரில் தோகாவில் உலகப் பட்டம் வென்றதிலிருந்து தமிழகத்தில் இதைக் கற்க விரும்புவோர் பலர் உண்டு. அவர்கள் முதலில் திருத்த வேண்டியது குறிபார்ப்பதை அல்ல, கையைத்தான்.

காரணம் கணக்கிலேயே இருக்கிறது. பந்தின் விட்டம் 52.5 மி.மீ. நேர்கோட்டு அடியில் வெள்ளைப் பந்து இலக்குப் பந்தைச் சேரும்போது 1 மி.மீ. விலகியிருந்தால், இலக்குப் பந்தின் பாதை ஏறத்தாழ 1 பாகை திரும்பிவிடும். அது 1.5 மீட்டர் உருண்டு பையை அடையும்போது விலகல் கிட்டத்தட்ட 3 செ.மீ. ஆகிறது. மூலைப் பையின் வாயில் பந்துக்கு இருபுறமும் 2 செ.மீ. கூட இடம் இருப்பதில்லை. சரியான இடத்தைக் குறிபார்த்தும் பந்து விழாமல் போவது இதனால்தான்.

கியூவின் முனை வெள்ளைப் பந்தை ஒட்டி நிற்கும்போது, முழங்கையிலிருந்து முன்கை செங்குத்தாகத் தொங்க வேண்டும். முழங்கை ஒரு கீல் போன்றது. பந்தை அடிக்கும் கணம் வரை அது இடம் மாறாமல் இருக்க, முன்கை மட்டும் ஊசலாட வேண்டும். அடித்த பிறகு முழங்கை சற்றுத் தாழலாமா என்பதில் பயிற்சியாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. சிறந்த ஆட்டக்காரர்களில் இரு வகையினரும் உள்ளனர். அடிக்கும் முன்பே தாழ்ந்தால் கியூவின் முனை மேலெழும், அது தவறு.

கைப்பிடி தளர்வாக இருக்க வேண்டும். கோலைப் பின்னிழுக்கையில் கடைசி இரு விரல்கள் சற்று விரிந்து, முன்னே வரும்போது தாமாக மூடிக்கொள்ளும். இறுக்கிப் பிடித்தால் மணிக்கட்டு திருகி, கோல் பக்கவாட்டில் சாய்கிறது. பலமான அடிக்கு இறுக்கம் தேவை என்று புதியவர்கள் எண்ணுவது பெருந்தவறு. பலம், நீண்ட பின்னிழுப்பிலிருந்தும் சீராகக் கூடும் வேகத்திலிருந்தும் வருகிறது.

பந்தருகே இரண்டு மூன்று முறை கோலை மெல்ல ஓட்டிப் பார்த்து, நிறுத்தி, மெதுவாகப் பின்னிழுத்து, ஒரு கணம் தயங்கி அடிப்பது வழக்கமான முறை. பந்து எங்கே போகிறது என்று பார்க்கும் ஆவலில் தலை தூக்குவதே மிகப் பரவலான குறை. தலை எழுந்தால் தோள் எழும், தோளோடு கையும் போய்விடும்.

எல்லோருக்கும் ஒரே நிலை பொருந்தாது. 1927 முதல் 1946 வரை 15 உலகப் பட்டங்கள் வென்ற ஜோ டேவிசுக்கு வலக்கண் பார்வை குறைவு. அவர் கியூவை இடக்கண்ணின் கீழ் வைத்தே ஆடினார். ஏழு முறை உலக வாகையரான ஸ்டீபன் ஹென்ட்ரியோ, பின்னாளில் கோலைத் தடையின்றி முன்செலுத்தக் கை மறுத்ததாக வெளிப்படையாகக் கூறியுள்ளார். விளையாட்டுலகில் 'யிப்ஸ்' எனப்படும் இக்குறையைத் தீர்ப்பது எளிதல்ல.

வீச்சைச் சோதிக்க ஒரு பழைய பயிற்சி உண்டு. வெள்ளைப் பந்தைப் பழுப்புப் புள்ளியில் வைத்து, நீலம், இளஞ்சிவப்பு, கருப்புப் புள்ளிகளின் மேல் உருண்டு எதிர் விளிம்பில் பட்டுத் திரும்புமாறு அடிக்க வேண்டும். கோலை அசைக்காமல் காத்திருந்தால் பந்து அதன் முனைக்கே வர வேண்டும். நேராகப் போன பந்து விளிம்பில் பட்டபின் வலப்புறம் விலகித் திரும்பினால், கோல் நடுவுக்கு வலப்பக்கம் பட்டிருக்கிறது. அம்மாபேட்டை போன்ற பகுதியில் 12 அடி மேசை கைக்கெட்டாத மாணவர், வீட்டு மேசையில் காலிப் பாட்டிலைப் படுக்கவைத்து, கோலின் முனை அதன் கழுத்தில் உரசாமல் போய்வரப் பழகலாம். கண்ணாடியில் கோல் தட்டும் ஒலியே கை நேர்கோட்டிலிருந்து விலகுகிறது என்று காட்டிவிடும்.