காணாமல் போன ஏரி!

பென்சில் காணாமல் போகும். ரப்பர் காணாமல் போகும். ஓர் ஏரி காணாமல் போகுமா? போயிருக்கிறதே!

ஆஸ்திரியா, ஹங்கேரி என்ற இரண்டு ஐரோப்பிய நாடுகளின் எல்லையில் இருக்கிறது நியூசீட்லர் ஏரி. அட்லஸை எடுத்து, வியன்னா நகருக்குத் தென்கிழக்கே தேடிப் பாருங்கள். 'ஸ்டெப்பி புல்வெளி' என்று புவியியல் பாடத்தில் படித்திருப்பீர்கள் அல்லவா? ஆசியாவிலிருந்து மேற்கே பரந்து வரும் அந்தப் புல்வெளி, கிட்டத்தட்ட இங்கே வந்துதான் முடிகிறது.

ஏரியின் நீளம் சுமார் 36 கிலோமீட்டர். ஆழம்? மிக ஆழமான இடத்திலேயே 1.8 மீட்டர்தான்! பெரிய தட்டில் ஊற்றிய ரசம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ரசத்தை ஊதினால் எதிர்ப்பக்கம் ஒதுங்கும் இல்லையா? இங்கும் வடக்கிலிருந்து பலமாகக் காற்று வீசினால், தண்ணீர் தெற்குக் கரையில் போய்க் குவிந்துவிடும்.

ஏரிக்கு வரும் தண்ணீரில் பெரும்பங்கு மழைதான். வுல்கா என்ற சிற்றாறும் கொஞ்சம் கொண்டுவருகிறது. வெளியேற இயற்கையான வழியே கிடையாது. பின்னாளில் மனிதர்கள் வெட்டிய கால்வாய் ஒன்றுதான் உண்டு. வந்த நீரெல்லாம் வெயிலில் ஆவியாகும். உப்பு ஆவியாகுமா? அது தங்கிவிடும். அதில் நம் வீட்டு ஆப்ப சோடாவின் இனத்தைச் சேர்ந்த உப்புகளே அதிகம். அதனால்தான் தண்ணீருக்குக் காரத்தன்மை. இந்த உப்பு சேற்றுத் துகள்களை எளிதில் அடியில் படியவிடாது. எனவே தண்ணீர் எப்போதும் கலங்கலாகவே இருக்கும். பாதி ஏரியை நாணல் மூடியிருக்கிறது. கரையிலுள்ள ரூஸ்ட் என்ற சிற்றூரில் வீட்டுப் புகைபோக்கிகளின் மேல் செங்கால் நாரைகள் கூடு கட்டுகின்றன.

சரி, ஏரி காணாமல் போன கதைக்கு வருவோம். மழை பொய்த்ததால் 1866-ல் ஏரி அடியோடு வற்றியது. எங்கும் வெள்ளை உப்புத் தரை! கொஞ்ச நாளில் அந்தத் தரையில் சில இடங்களை உழுது கோதுமைகூட விதைத்தார்கள். 1871-ல் தண்ணீர் மெல்லத் திரும்பியது. 1876-க்குள் பழைய ஏரி வந்துவிட்டது. உழுதவர்கள் பாடு என்னவாகியிருக்கும் பாருங்கள்!

2022-லும் நீர்மட்டம் மிகவும் இறங்கி, படகுகள் சேற்றில் சிக்கின. டான்யூப் நதி நீரைக் கொண்டுவந்து ஊற்றலாமே என்றார்கள் சிலர். நல்ல யோசனைதானே என்று எனக்கும் முதலில் தோன்றியது. விஞ்ஞானிகள் பலர் தயங்கினார்கள். நல்ல தண்ணீர் நிறையச் சேர்ந்தால் உப்பு நீர்த்துப்போகுமே! அந்த உப்பை நம்பி வாழும் உயிர்கள் என்ன செய்யும்?

அவர்கள் பயத்துக்குக் காரணம் உண்டு. ஏரிக்குக் கிழக்கே சின்னச் சின்ன சோடாக் குட்டைகள் ஒரு காலத்தில் நூற்றுக்கும் மேல் இருந்தன. வயல்களுக்காக வாய்க்கால் வெட்டி நிலத்தடி நீரை இறக்கினார்கள். அந்த நீர்தான் அடியிலிருந்து உப்பை மேலே கொண்டுவந்துகொண்டிருந்தது. அது இறங்கியதும் உப்பும் நின்றது. பல குட்டைகள் புல் மண்டித் தூர்ந்தன. இன்று பாதிகூட மிச்சமில்லை.