எழுத்தில் இல்லாத ‘ர்’

ஆங்கில வகுப்பில் எழுத்துக்கூட்டி ‘கொலோனல்’ என்று படித்துத் திட்டு வாங்காத பிள்ளைகள் குறைவு. எழுத்தில் ‘எல்’ இரண்டு முறை வருகிறது, ‘ஆர்’ ஒருமுறைகூட இல்லை. ஆனால் சொல்லும்போது கர்னல்! எங்கிருந்து குதித்தது இந்த ‘ர்’?

இத்தாலியில் படைவரிசைக்குப் பெயர் ‘கொலோன்னா’. அதை நடத்திச் சென்றவர் ‘கொலோன்னெல்லோ’. பிரெஞ்சுக்காரர்கள் இந்தப் பதவிப் பெயரைக் கடன் வாங்கியபோது, ஒரே சொல்லில் அடுத்தடுத்து ‘ல்’ வந்து நாக்கை இடறியது. முன்னால் இருந்ததை ‘ர்’ ஆக்கி ‘கொரொனெல்’ என்றார்கள். 16-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துக்குப் போனது இந்த வடிவம்தான். பிறகு படித்தவர்கள் இத்தாலிய மூலத்தைப் பார்த்து எழுத்தைத் திருத்திவிட்டார்கள். ஜனங்களின் வாயைத் திருத்த அவர்களால் ஆகவில்லை.

தமிழ் நல்லவேளையாகக் காதை நம்பியது. தமிழ்நாட்டில் ‘கர்னல்’ என்றும் இலங்கைத் தமிழ் ஏடுகளில் ‘கேணல்’ என்றும் எழுதுகிறார்கள். பிரிட்டிஷ்காரர்கள் அந்த ‘ர்’-ஐப் பெரும்பாலும் விழுங்கிவிடுவதால், லண்டன் உச்சரிப்புக்கு நெருக்கமானது யாழ்ப்பாணத்து வடிவம்தான்.

இந்திய ராணுவத்தில் மேஜரின் தோளில் அசோகச் சிங்கம் மட்டும் இருக்கும். அதோடு ஒரு நட்சத்திரம் சேர்ந்தால் லெப்டினன்ட் கர்னல், இரண்டு சேர்ந்தால் கர்னல். சட்டைக் காலரில் சிவப்புப் பட்டை ஏறுவதும் கர்னல் ஆன பிறகே. சுமார் 800 பேர் கொண்ட பட்டாலியன் ஒன்று பொதுவாக இவர் பொறுப்பில் இருக்கும். பேச்சில் மட்டும் லெப்டினன்ட் கர்னலையும் ‘கர்னல்’ என்றே அழைப்பது வழக்கம். ஆகவே 2011-இல் பிராந்திய ராணுவம் கௌரவ லெப்டினன்ட் கர்னல் ஆக்கிய தோனியும் அந்தக் கணக்கில் கர்னல்தான்.

கௌரவம் என்று இறங்கிவிட்டால் எல்லை ஏது? வறுத்த கோழி விற்று உலகப் புகழ் பெற்ற சாண்டர்ஸ், இளவயதில் அமெரிக்க ராணுவத்தில் கொஞ்சகாலம் சாதாரணச் சிப்பாயாக இருந்தவர். அவரைக் கர்னல் ஆக்கியது ராணுவம் அல்ல, 1935-இல் கென்டக்கி மாநில ஆளுநர் கொடுத்த பட்டம். லிபியாவின் கடாஃபி கதை வேறு. 1969-இல் ஆட்சியைப் பிடித்தவர் நினைத்திருந்தால் ஃபீல்டு மார்ஷலாகவே ஆகியிருக்கலாம். 2011-இல் கொல்லப்படும்வரை உலகத்துக்கு அவர் கர்னல் கடாஃபி.

தேனிப் பக்கம் போனால் இந்தச் சொல்லுக்கு ஒரே ஆள்தான், முல்லைப் பெரியாறு அணையை 1895-இல் கட்டி முடித்த பென்னிகுயிக். லோயர் கேம்ப்பில் மணிமண்டபம் இருக்கிறது. அவர் பிறந்த ஜனவரி 15 பொங்கலை ஒட்டி வருவதால் அவர் பெயரிலும் பொங்கல் வைக்கிறார்கள். பிள்ளைகளுக்கும் அவர் பெயர் உண்டு. தேனி புதிய பேருந்து நிலையத்தின் பெயர்ப் பலகையிலும் அவர் கர்னலாகவே நிற்கிறார்.