பிரேக் மிதி இறுகினால்

பழைய டீசல் காரின் பிரேக் மிதி கல்லைப்போல் இறுகிவிட்டதென்று பட்டறைக்கு ஓடுவதும், அங்கே காரணம் ஆராயாமல் மாஸ்டர் சிலிண்டரை மாற்றி அனுப்புவதும், சில நாட்களில் அதே வியாதி திரும்புவதும் நான் ஓயாமல் கண்டு மனம் நோகும் அநியாயம்.

பெட்ரோல் எஞ்சினைப்போல் டீசல் எஞ்சின் தானாகப் போதிய வெற்றிடத்தை உண்டாக்குவதில்லையாதலால், பெரும்பாலும் ஆல்டர்னேட்டரின் முதுகில் பொருத்தப்பட்ட வேக்குவம் பம்ப்தான் பிரேக் பூஸ்டருக்குப் பலம் தருகிறது. அதுவோ எஞ்சின் ஓடும்வரையே உழைக்கும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் டீசலை மிச்சம் பிடிக்க எஞ்சினை அணைத்து இறங்குகிறவர், இரண்டு மூன்று மிதிப்புக்குள் அந்தப் பலத்தை இழக்கிறார். இறக்கத்தில் எஞ்சினை அணைக்காதீர்கள்.

எஞ்சினை நிறுத்தி மிதியை ஐந்தாறு முறை அழுத்தியபின், காலை எடுக்காமலே ஸ்டார்ட் செய்தால் மிதி சற்றே கீழிறங்கவேண்டும். இறங்காவிடில், வேக்குவம் கேஜைப் பம்பின் வாயிலேயே நேராக மாட்டச் சொல்லுங்கள்: முள் 500 மி.மீ. பாதரசத்தைக்கூட எட்டாவிட்டால் பம்பின்மேல் சந்தேகம். எட்டினால் கசிவு அதற்கப்பால் இருக்கிறது. கிளைக் குழாய்களை ஒவ்வொன்றாக அடைத்துப் பார்க்கவேண்டும். கிளிப்புக்கு அடியில் மறைந்திருக்கும் வெடிப்பைக் கழற்றித்தான் காணமுடியும். செக் வால்வின் பம்ப் பக்கத்தில் ஊதினால் காற்று போகலாகாது, உறிஞ்சினால் வரவேண்டும். இத்தனையும் சரியென்றால் மட்டுமே பூஸ்டரைத் தொடலாம். வெடித்த ஹோஸுக்குப் பதிலாகச் சாதாரணத் தண்ணீர்க் குழாயை மாட்ட ஒருநாளும் சம்மதிக்காதீர்கள். உறிஞ்சும் வேகத்தில் அது தட்டையாக ஒட்டிப்போகும்.

15 ஆண்டு கடந்த காருக்குப் படிவம் 25 கொடுத்துப் பதிவைப் புதுப்பிக்கும்போது, விளக்கையும் வர்ணத்தையும் மட்டும் பார்த்துக் கையெழுத்திடும் அதிகாரி இந்தச் சோதனையைச் செய்யாமல் விடலாமா? அவர் விட்டாலும் நீங்கள் கேட்டுச் செய்வியுங்கள். சாதாரணக் கவனத்தால் கண்டுபிடிக்கக்கூடிய அபாயகரமான பழுதோடு வண்டி ஓட்டுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 190-ஆம் பிரிவின்படி உங்கள் குற்றமேயாகும்.

பட்டறையில் வண்டியை விடும்போதே உங்கள் புகாரை ஜாப் கார்டில் உங்கள் வார்த்தைகளிலேயே எழுதச் செய்யுங்கள். பில்லையும், கழற்றிய பழைய சாமானையும் கேட்டு வாங்குங்கள். பில் இல்லாவிட்டால் வழக்கு நிற்பது துர்லபம்! பழுது தீராவிடில் முதலில் எழுத்துமூலம் நோட்டீஸ் கொடுத்து, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். அதற்கும் அசையாவிட்டால், 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி, நீங்கள் வசிக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே 2 ஆண்டுகளுக்குள் மனுச் செய்யலாம்; கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்வரை இருந்தால் கட்டணமில்லை. மனுவோடு பில், ஜாப் கார்டு, நோட்டீஸ் ஆகியவற்றின் நகல்களையும், வேறொரு மெக்கானிக் கையெழுத்திட்டு எழுதித் தந்த அபிப்பிராயத்தையும், பிரமாணப் பத்திரத்தையும் இணையுங்கள்.